சந்தனம் எண்டு எழுதுங்கோ

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு, இணுவிலில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்னறையில், பதினொரு லப்ரொப் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின.

முதலாவது செத்தபோது அதன் முன்னால் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தலைவர் குகதாசனின் மடியில் இருந்தது. ஏடு தொடக்கலை இந்த வருடம் அரிசியோடு நிறுத்தாமல் கணினியிலும் செய்யவேண்டும் என்பது அவருடைய யோசனை. குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' வை அழுத்திக் காட்டவேண்டும். அவர் பொத்தானை அமத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது. குழந்தையின் தாய் படம் எடுக்கப் போனை உயர்த்தினாள். விரல் விசைக்குப் போவதற்குள் திரை கறுத்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதில் குழந்தை அழத் தொடங்கியது. பதினோராவதும் கறுத்தபோது தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

எல்லோரும் பிரசாந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை இது?" என்றார் குகதாசன்.

"தெரியேல்லை மாமா."

"பூசையிலை வைக்கேக்கை எல்லாம் ஓடுது எண்டு சொன்னனீ."

"ஓடினதுதான்."

"அப்ப?"

பதில் இல்லாத நேரத்தில் அவள் வாயைத் திறப்பதில்லை. அதைத்தான் ஊரில் திமிர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிரசாந்திக்கு இருபத்தேழு வயது. பக்கத்துக் கொக்குவிலில் வீடு. கம்பஸில் கணினி படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு நின்றவள். ஏன் நின்றாய் என்று கேட்டால் "பிடிக்கேல்லை" என்பாள். உண்மையும் அதுதான். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெடியனைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை என்றதும் கோபப்பட்டது. இப்போது இரவுகளில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையின் வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் தட்டுகிறாள். பகலில் தூங்கவேண்டியவள். இந்த இரண்டு மாதமும் தூங்கவில்லை.

காரணம் அந்த லப்ரொப்கள்தான். சுவிஸில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட பன்னிரண்டு சின்ன லப்ரொப்களை நிலையத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் பெட்டி கட்டி அனுப்பியிருந்தார். விசைப்பலகையில் இரண்டு ஆங்கில எழுத்து இடம் மாறிக் கிடந்தது. திறந்தால் பழைய விண்டோஸ் முக்கி முனகி எழும்ப ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். கொக்குவில் சந்தியில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெயசுதனை அழைத்துக் காட்டினார்கள். அவன் ஒன்றைத் தூக்கி, புரட்டிப் பார்த்து, திருப்பி வைத்தான்.

"உது பிரேதம், மாமா. புது விண்டோஸ் ஏறாது. பழசு இருக்க விடாது. பன்னிரண்டையும் என்னட்டைத் தாங்கோ, உதிரிப்பாகத்துக்கு வைச்சுக்கொள்ளுறன். உங்களுக்கு நல்ல டெஸ்க்ரொப் ஒண்டு தாறன்."

குழு தலையாட்டத் தயாராக இருந்தது. கதவடியில் நின்ற பிரசாந்திதான் குறுக்கே விழுந்தாள். "லினக்ஸ் போட்டால் ஓடும். ரெண்டு மாசம் தாங்கோ."

"அது சும்மா கிடைக்கிற சாமான், தங்கச்சி," என்றான் ஜெயசுதன்.

"ஓம் அண்ணை. சும்மா கிடைக்கிறதுதான். அதாலைதான் உங்களுக்குப் பிடிக்கேல்லை."

லினக்ஸ் லேசில் ஏறவில்லை. பென்ரைவைச் செருகினால் அந்த லப்ரொப்கள் அப்படி ஒன்று செருகப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்று கிழமை அதோடு மல்லுக்கட்டியபிறகுதான் விளங்கியது. லப்ரொப்பின் மூளை பெரிய எழுத்து, அதாவது அறுபத்துநான்கு பிட், வாசிக்கும். ஆனால் காலையில் அதைத் தட்டி எழுப்புகிற நுண்சில்லு சின்ன எழுத்து, முப்பத்திரண்டு பிட், மட்டும்தான் வாசிக்கும். பென்ரைவில் இருந்த எழுப்பும் கோப்பு பெரிய எழுத்தில் இருந்தது. சில்லுக்கு அது வெறும் வெள்ளைத் தாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் பல வருடத்துக்கு முன் இணையத்தில் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, சின்ன எழுத்தில் ஒரு குட்டிக் கோப்பை, சில்லு தேடுகிற அதே பெயரில், அது தேடுகிற அதே இடத்தில் வைத்தாள். அடுத்த தடவை திரையில் வரிகள் ஓடின. தமிழ் எழுத்துரு, பள்ளிப் புத்தகங்கள், தட்டச்சுப் பயிற்சி எல்லாம் ஏற்றி, பன்னிரண்டையும் ஒரு நிமிடத்துக்குள் எழும்புகிற மாதிரி ஆக்கினாள். தன் வாழ்க்கையில் தொடங்கி முடித்த முதல் வேலை இதுதான் என்று அவளுக்குத் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை.

ஒன்றை அவளுடைய கிறிஸ்தவச் சிநேகிதி ஜெனிற்றா குருநகரில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நிலையத்தில் கிழமைக்கு இரண்டு நாள் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் அவள். பாடங்களை ஏற்றித் தருகிறேன் என்றாள். மீதிப் பதினொன்றும் நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் சரஸ்வதி படத்துக்கு முன்னால், புத்தகங்களோடும் ஒரு வயலினோடும் திறந்தபடி இருந்தன. பூசையில் வைத்ததை விஜயதசமிவரை யாரும் தொடுவதில்லை. பிரசாந்தியும் தொடவில்லை.

இப்போது அவை செத்துக் கிடந்தன.

மத்தியானமே குழு கூடியது. பிரசாந்தி ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"உன்னட்டை இருக்கிறது ஓடுதோ?"

"இப்பவும் ஓடிக்கொண்டுதானே இருக்கு. ஏன்?"

குகதாசன் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப பூசையிலை வைச்சதெல்லாம் நிண்டு போச்சு, வேதக்கார வீட்டுக்குப் போனது ஓடுது. பிள்ளை, உண்மையைச் சொல்லு. மச்சம் சாப்பிட்டிட்டு வந்து தொட்டனியோ?"

"சாப்பிட்டனான் மாமா. போன கிழமை, நண்டு. லப்ரொப் என்ன, மணந்து பாத்தோ சாகிறது?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். குகதாசன் சிரிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் முகாமையாளராக இருந்தவர். தன் முன்னால் ஒரு காரியம் பிழைத்தால் அதற்கு ஒரு பெயர் எழுதப்படவேண்டும் என்று பழகியவர். செயலாளர் செல்வநாயகி ரீச்சரிடம் திரும்பினார்.

"எழுதுங்கோ ரீச்சர். செல்வி பிரசாந்தி உட்செலுத்திய மென்பொருளின் கோளாறு காரணமாகக் கணினிகள் யாவும் செயலிழந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவை திரு. ஜெயசுதனிடம் கையளிக்கப்படும்."

ரீச்சரின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அவர் அந்த இரண்டு வரியையும் எழுதி, கீழே கோடு போட்டார். பிரசாந்தி கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டறிக்கைப் புத்தகம் நிலையம் தொடங்கிய காலத்தில் இருந்து இருக்கிறது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோது கதிரை மேசையை விட்டுவிட்டு அந்தப் புத்தகங்களைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதில் எழுதியது அழியாது. கம்பஸை விட்டதைக் காலப்போக்கில் மறப்பார்கள். இதை மறக்கமாட்டார்கள்.

அவள் எழுந்து போய்ப் பதினொன்றில் ஒன்றைத் தூக்கினாள்.

"எங்கை கொண்டு போறாய்? கேக்காமல்?"

"கேட்டால் தரமாட்டியள்."

குகதாசன் அவளுக்குப் பின்னால் அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் அந்த லப்ரொப்போடு இருந்தாள். அமத்தினால் எழும்பியது. கொஞ்ச நேரத்தில் செத்தது. மறுபடி அமத்தினாள். மறுபடி செத்தது. சூடு இல்லை. மின்கலத்தில் குறை இல்லை. மத்தியானம் போல, எழும்புகிற அந்த நொடியிலேயே ஒரு விசையை அமத்தி, சில்லின் சொந்த அமைப்புத் திரைக்குள் போனாள். அங்கே லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. எந்த மென்பொருளும் கண்விழிப்பதற்கு முந்திய இடம் அது. அங்கேயும் செத்தது.

அப்போது அவளுக்கு ஒன்று தெரிந்தது: பழி தன்னுடைய சாமானில் இல்லை. ஆனால் வேறு எதில் என்று தெரியவில்லை. குற்றவாளியைக் காட்டாமல் நான் இல்லை என்று சொன்னால் ஊரில் எடுபடாது.

சனிக்கிழமை காலை ஜெனிற்றா பஸ்ஸில் வந்து இறங்கினாள். பன்னிரண்டாவது லப்ரொப் மீன் வாங்கப் போகிற பையில் இருந்தது.

"எடியே, இதைச் சந்தைப் பையிலையோ கொண்டு வந்தனீ?"

"பஸ்ஸிலை ஆரும் களவெடுக்கமாட்டாங்கள். மூண்டு நாளும் எங்கடை வீட்டு அந்தோனியார் சுருவத்துக்குப் பக்கத்திலைதான் இருந்தது. அவர் நல்லா ஓட்டியிருக்கிறார், பார்."

"அவரையே தலைவராப் போடலாம்."

"காணாமல் போன சாமானைத் தேடித் தாறதுதான் அவற்றை வேலை. உன்ரை மூளையைத் தேடித் தரச்சொல்லிக் கேக்கட்டோ?"

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஜெனிற்றா தன் பாடம் ஒன்றைத் திறந்து காட்டப் போனாள். படம் பெரிது, லப்ரொப் அப்படியே உறைந்துபோய் நின்றது.

"ஐயோ, இதுவும் போச்சுதோ?"

"இல்லை, இறுகிப் போச்சு. விடு." பிரசாந்தி பொத்தானை அமத்திப் பிடித்தாள். இறுகினால் செய்கிற வேலை அதுதான்: கையை எடுக்காமல் பிடித்தால் லப்ரொப் தானாக அணையும். ஜெனிற்றா பஞ்சியில் கொட்டாவி விட்டுக்கொண்டு எண்ணினாள். "ஏழு, எட்டு, ஒன்பது, பத்து." அணைந்தது.

பிரசாந்தி கையை எடுக்கவில்லை.

"திருப்பி எண்ணு," என்றாள். செத்த லப்ரொப்பின் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள். திரை வெளித்தது. ஜெனிற்றா எண்ணினாள். சரியாகப் பத்தில் கறுத்தது.

"ஆரோ அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கினம்," என்றாள் பிரசாந்தி.

"ஆர், பேயோ?"

பிரசாந்தி குனிந்து பார்த்தாள். அந்த லப்ரொப்களில் பொத்தான் விசைப்பலகைக்கு மேலே, சரி நடுவில், வட்டமாக இருக்கும். திறந்து வைத்தால் ஒரு முகம் போலவும், பொத்தான் அதன் நெற்றியில் இருப்பது போலவும் தெரியும். ஜெனிற்றா கொண்டுவந்ததில் பொத்தான் மேலே எழும்பி நின்றது. மற்றதில் அது தாழ்ந்து கிடந்தது; பார்த்துக்கொண்டிருக்க, சோம்பல் பிடித்தவன் மாதிரி மெல்ல மெல்ல மேலே வந்தது. அதைச் சுற்றி மயிரிழை போல மஞ்சளாக ஒரு வளையம்.

சட்டைப்பின்னைக் கழற்றிப் பொத்தானின் ஓரத்தில் விட்டு நெம்பினாள். மூடி கழன்று வந்தது. உள்ளே சீமெந்து மாதிரிக் காய்ந்து கிடந்ததை ஜெனிற்றா விரலில் தொட்டு மணந்தாள்.

"எடி, இது சந்தனம்!"

நடந்தது முழுவதும் பிரசாந்தியின் கண்ணுக்குள் வந்தது. பூசை தொடங்கிய அன்று குகதாசன் கிண்ணத்தில் பன்னீர் விட்டுத் தளரக் கரைத்த சந்தனத்தோடு வந்தார். புத்தகத்துக்குப் பொட்டு வைத்தார், வயலினுக்கு வைத்தார், பிறகு ஒவ்வொரு லப்ரொப்பின் நெற்றியிலும் பெருவிரலால் அழுத்தி வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். அவளும் நின்றாள். பொட்டு வைத்தால் யாருக்கும் கண்ணில் படாது. வைக்காமல் விட்டால்தான் படும்.

பிறகு இன்னொன்றும் வந்தது. விஜயதசமிக் காலையில், பிள்ளைகளின் கையில் பிரளக்கூடாது என்று, அந்தப் பொட்டுகளை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தது யார்?

"சீ," என்றாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஜெயசுதனின் சாமான் ஏற்றுகிற பட்டா வாகனம் நிலையத்தின் வாசலில் பின்புறம் காட்டி நின்றது. உள்ளே குழு இருந்தது. பிரசாந்தி தான் தூக்கிப்போய் இன்னும் துடைக்காமல் வைத்திருந்த லப்ரொப்போடும், பன்னிரண்டாவதைப் பையில் கொண்டுவந்த ஜெனிற்றாவோடும் வந்தாள். கையில் ஒரு தகரப் பேணியில் காதுக் குச்சிகளும் காயத்துக்குப் போடுகிற ஸ்பிரிட் போத்தலும்.

"அறையைத் திறவுங்கோ மாமா."

"முடிவெடுத்த விசயம், பிள்ளை."

"முடிவு இருக்கட்டும். ஏத்த முந்திப் பத்து நிமிசம். நீங்கள் விரும்பின ஒண்டை நீங்களே எடுத்துத் தாங்கோ. பேந்து நான் மருந்து போட்டுக் கொண்டு வந்தனான் எண்டு சொல்லக்கூடாது."

ஜெயசுதன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "குடுங்கோ மாமா. தங்கச்சி ஆசைப்படுது."

குகதாசன் பூட்டைத் திறந்து, ஆகப் பின்னால் இருந்த ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பிரசாந்தி அதை அமத்தினாள். ஜெனிற்றா எண்ணினாள். பத்தில் செத்தது. பிரசாந்தி சட்டைப்பின்னைச் செருகி மூடியை நெம்பி எடுத்து, அதைக் குகதாசனின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு காதுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து உள்ளே விட்டுச் சுழற்றினாள். வெள்ளைப் பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொரு குச்சி. அதுவும் மஞ்சள். நாலாவது குச்சி வெள்ளையாகவே திரும்பியது. மூடியைக் கேட்டு வாங்கிப் பொருத்தினாள்.

"இப்ப எண்ணுங்கோ," என்று அமத்தினாள்.

ஜெனிற்றாதான் தொடங்கினாள். ஐந்தில் ரீச்சரின் குரலும் சேர்ந்தது. ஒன்பதில் அறை முழுவதும் எண்ணியது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஜெயசுதன் சுவரை விட்டு நிமிர்ந்தான். இருபத்தெட்டில் திரையில் தமிழ் வந்தது.

குகதாசன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார்.

"சரி. நல்லது. ரீச்சர், எழுதுங்கோ. மென்பொருள் கோளாறு நிவர்த்தி செய்யப்பட்டதால் கணினிகள் நிலையத்திலேயே வைத்திருக்கப்படும்."

"மென்பொருள் கோளாறு இல்லை," என்றாள் பிரசாந்தி.

"அதுதானே நிவர்த்தி எண்டு போட்டிருக்கு."

"இல்லாததை எப்பிடி நிவர்த்தி செய்யிறது? சந்தனம் எண்டு எழுதுங்கோ ரீச்சர்."

ரீச்சரின் பேனை நின்றது.

"விசர்க்கதை கதையாதை. சரஸ்வதிக்கு வைச்ச சந்தனத்திலை குற்றம் எண்டு புத்தகத்திலை எழுதுறதோ?" குகதாசனின் குரல் ஏறியது.

"அவவிலை ஒரு குற்றமும் இல்லை. வைச்ச இடத்திலை குற்றம். வைச்சது நீங்கள்."

"பிள்ளை, நான் உன்ரை தேப்பன்ரை வயசு."

"ஓம் மாமா. அதாலைதான் மாமா எண்டு சொல்லிச் சொல்லுறன். வியாழக்கிழமை என்ரை பேரை எழுதேக்கை ஆரும் என்ரை வயசைப் பாக்கேல்லை."

"சாமான் உங்களுக்குத்தான் எண்டு சொல்லியாச்சு. பேந்தென்ன வேணும் உனக்கு?"

"அந்த வரிக்குக் கீழை இந்த வரி வேணும். இல்லாட்டி மிச்சப் பத்திலையும் நான் கை வைக்கமாட்டன். அண்ணை ஏத்திக்கொண்டு போகட்டும்."

ஜெனிற்றா அவளுடைய கையைக் கிள்ளினாள். பிரசாந்தி கையை இழுத்துக்கொண்டாள். பத்தும் போய்விட்டால் தாங்கமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். முகத்தில் காட்டவில்லை. வெளியே வாகனச் சாரதி ஹோர்ன் அடித்தான். ஜெயசுதன் எட்டிப் பார்த்து, "பொறடா," என்றான். பிறகு உள்ளே திரும்பி, "எழுதினால் என்ன மாமா? நானும் பாத்தனான்தானே," என்றான். அவன் அவளுடைய பக்கம் பேசுவான் என்று யாரும் நினைக்கவில்லை. அவனும் நினைத்திருக்கமாட்டான்.

செல்வநாயகி ரீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வசனத்தைச் சொல்லு, பிள்ளை."

"ரீச்சர்!" என்றார் குகதாசன்.

"நான் செயலாளர், தலைவர். நடந்ததைத்தான் எழுதலாம். வியாழக்கிழமை நடக்காததை எழுதிப்போட்டன். எனக்கு அது மூண்டு நாளா வயித்துக்குள்ளை கிடக்கு."

பிரசாந்தி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கணினிகள் செயலிழந்ததற்கு மென்பொருள் காரணம் அல்ல. பொத்தான்களின் மேல் தலைவர் வைத்த சந்தனமும்," அவள் ஒரு மூச்சு எடுத்தாள், "அதைப் பிரசாந்தி ஈரத்துணியால் துடைத்து உள்ளே போகச் செய்ததுமே காரணம்."

ரீச்சர் தலையை உயர்த்தினார். "உன்ரை பேரையும் போடவோ?"

"நான்தானே துடைச்சனான். போடுங்கோ."

பேனை ஓடியது. முடிந்ததும் ரீச்சர் உரத்து வாசித்தார். குகதாசன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தபோது நெடுநேரம் பேனையைக் கையில் வைத்திருந்தார். பிறகு, வழக்கமாகப் பக்கத்தின் பாதியைப் பிடிக்கும் தன் கையெழுத்தை, ஒரு மூலையில் சின்னதாகப் போட்டார்.

மீதியை முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. ஜெனிற்றா மூடிகளைக் கழற்றிக் கொடுக்க, பிரசாந்தி துடைத்தாள். ஒன்றில் மூடியின் கொளுக்கி உடைந்துபோனது. அதற்குப் பொத்தான் இல்லாமலே விட்டு, உள்ளே இருந்த முனையைக் குச்சியால் அமத்தி எழுப்பினாள். ஜெயசுதன் போகாமல் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"லினக்ஸுக்கு வைச்ச அந்தச் சின்னக் கோப்பு விசயம் கேள்விப்பட்டனான், தங்கச்சி. என்ரை கடையிலையும் உப்பிடி ஏழெட்டுக் கிடக்கு."

"கொண்டு வாங்கோ. பிரேதம் எண்டு சொல்லாமல் கொண்டு வாங்கோ."

பட்டா வெறுமையாகத் திரும்பிப் போனது.

எல்லோரும் எழும்பினார்கள். பிரசாந்தி பன்னிரண்டையும் அணைத்து உள்ளே வைத்து, பூட்டில் தொங்கிய திறப்பால் அறையைப் பூட்டினாள். குகதாசன் வாசலில் நின்று, பழக்கத்தில், திறப்புக்காகக் கையை நீட்டினார். அந்த உள்ளங்கையின் ரேகைகளில் இன்னும் மஞ்சள் இருந்தது.

அவள் திறப்பைத் தன் பைக்குள் போட்டுப் பையின் வாயை இழுத்து மூடினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு வகுப்பு, மாமா. இது என்னட்டை இருக்கட்டும்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்ச் சைக்கிளை எடுத்தாள்.